பழைய பெட்ரோல் காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்: எந்த வரிசையில் சோதிப்பது, எப்போது மாற்றுவது

தொப்பூர் மேட்டில் திணறும் பழைய கார்கள் தருமபுரிப் பட்டறைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சமவெளியில் ஒழுங்காக ஓடிய கார், சேலத்திலிருந்து திரும்பும்போது மேட்டில் இரண்டாவது கியரிலும் இழுக்க மறுக்கிறது. வண்டிக்காரர் முடிவோடுதான் வருகிறார்: "கன்வெர்ட்டர் அடைத்துவிட்டதாம் அண்ணா, வெட்டி எறிந்துவிட்டு நேர்குழாய் வைத்துவிடுங்கள்."

அடைத்திருக்கலாம். ஆனால் என்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும் இந்தக் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கும் என்ஜின்தான். காரணத்தைத் தேடாமல் மாற்றினால் புதியதும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும். தொழில் பழக வரும் பையன்கள் தடுமாறுவதும் இங்கேதான்: சோதனையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தத் தவறைப் பலமுறை பார்த்த பிறகு அமைத்துக்கொண்ட வரிசை இது. ஏறத்தாழ 1996 முதல் 2012 வரை வந்த பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். டீசல் காரின் அமைப்பு வேறு.

1. உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

வெளியே தெரிவது துருப்பிடிக்காத எஃகுக் கூடு. உள்ளே பீங்கான் தேன்கூடு ஒன்று இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள் வரை இருக்கும். அந்தத் துளைகளின் சுவரில் அலுமினா பூச்சு. பூச்சின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்திருக்கின்றன. தேன்கூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இழை மெத்தை ஒன்று உண்டு.

என்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இங்கே கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி, நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகப் பிரிகின்றன. உலோகங்கள் இந்த வினையைத் தூண்டுகின்றனவே தவிர, செலவாவதில்லை. எனவே "தேய்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நஞ்சேறியிருக்கும், உருகியிருக்கும் அல்லது உடைந்திருக்கும்.

இது வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று சூடு: 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்த பிறகுதான் வினை தொடங்கும். இரண்டு, கலவை: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் மூன்று வேலையும் ஒருசேர நடக்கும். மூன்று, தூய்மை: எண்ணெய்ச் சாம்பலோ சிலிக்கானோ ஈயமோ உலோகத்தின் மேல் படியக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் இந்த மூன்றில் எது தவறியது என்று கேட்பதுதான்.

2. காரைத் தூக்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், என்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்குவம் கேஜ், 5 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை காட்டும் சிறிய பிரஷர் கேஜ், பிளக் ஸ்பேனர், ரப்பர் சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் புதிய கேஸ்கெட்டுகள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த வரிசை நடக்கும்.

பிரஷர் கேஜை எக்ஸாஸ்டில் பொருத்த ஓர் இணைப்பு வேண்டும். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பழைய ஆக்சிஜன் சென்சார் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு நடுவில் துளையிட்டு, ஓர் அடி நீள உலோகக் குழாயைப் பற்றவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயை நேராக அந்த இடத்தில் செருகினால் நொடிகளில் உருகிவிடும். உலோகக் குழாயின் மறுமுனையில்தான் ரப்பர் வர வேண்டும்.

காரின் கீழே படுக்கும் முன் ஜாக்கி ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கி அல்ல. அவை நொறுங்கும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை. என்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனை எதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யக்கூடாது. கெட்டுப்போன கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடை அப்படியே வெளியே விடும், அதற்கு வாசனையும் கிடையாது.

3. கூட்டுக்குள் தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள்

இதை முதல் சோதனையாக வைப்பதற்குக் காரணம் பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ப் பழைய கார் வாங்கி வந்துவிடலாம் என்பதால், இங்கே ஓடும் கார்களில் பல கைமாறி வந்தவை. வழியில் யாரோ கூட்டைப் பிளந்து தேன்கூட்டை எடுத்து விற்றுவிட்டு, திரும்பப் பற்றவைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கன்வெர்ட்டர் இருக்கும். உள்ளே வெறும் கூடு. ஓர் ஆசிரியர் அப்படிப்பட்ட காரை வாங்கி வந்து, புகைச் சோதனையில் தோற்றுத் தோற்று, இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்திருந்தார். கூட்டின் அடிப்பக்கம் இருந்த பற்றவைப்புத் தழும்பை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

என்ஜின் முழுதும் ஆறிய பிறகு கூட்டைச் சுற்றிலும் பாருங்கள். தொழிற்சாலைத் தையல் சீராக ஒரே கோட்டில் ஓடும். கையால் வைத்த பற்று தடித்தும் வளைந்தும் இருக்கும். பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். முழுதாக இருந்தால் மந்தமான ஒலி வரும். உள்ளே கலகலவென்று உருண்டால் தேன்கூடு உடைந்திருக்கிறது. வெற்றுக் கூடு வெண்கலப் பாத்திரம் போலக் கணீரென்று ஒலிக்கும்.

இரும்புச் சுத்தியலால் தட்டுவதைத் தவிருங்கள். நல்ல நிலையில் இருந்த தேன்கூட்டை அந்த அடியே உடைத்துவிடும்.

4. என்ஜினைச் சரிபார்த்த பிறகே மற்றவை

நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். பெரும்பாலான கன்வெர்ட்டர்களின் சாவுக்குக் காரணம் இங்கேதான் கிடைக்கும்.

நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் வையுங்கள். பழுப்பு நிறம் நல்லது. கரிப்பொடி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் எரியவே இல்லை. அங்கே எரியாத பெட்ரோல் எங்கே போகிறது என்று யோசியுங்கள்: நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிகிறது. என்ஜினில் எரிய வேண்டியது தேன்கூட்டில் எரிந்தால் சூடு 1000 டிகிரியைத் தாண்டும். முதலில் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி வினை குறையும். மேலும் ஏறினால் பீங்கானே உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். தொப்பூர் மேட்டில் இழுக்காத கார்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த உருகிய கட்டியைத்தான். ஒரு பிளக் வயரை மாற்றாமல் விட்டதால் வந்த வினை அது.

இங்கே பழைய பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அறிய, என்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் பட்டறைகளில் பாட்டன் காலத்து முறை. கன்வெர்ட்டர் இல்லாத அம்பாசிடருக்கு அது பாதகமில்லை. கன்வெர்ட்டர் உள்ள காரில் வயரைப் பிடுங்கியிருக்கும் ஒவ்வொரு நொடியும் பச்சைப் பெட்ரோல் சூடான தேன்கூட்டில் விழுகிறது. இன்ஜெக்டர் உள்ள காரில் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிச் சோதியுங்கள். பெட்ரோலும் சேர்ந்து நின்றுவிடும். கார்புரேட்டர் காரில் என்ஜினை நிறுத்திவிட்டு பிளக்கின் நிறத்தையும் வயரின் ஓம் அளவையும் கம்ப்ரஷனையும் பாருங்கள்.

அடுத்து எண்ணெய். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்து எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். என்ஜின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்க்கிறார்கள். எண்ணெய் எரிந்தால் அவை சாம்பலாகி உலோகத்தின் மேல் படலம் போடும். ரிங் தேய்ந்த, வால்வு சீல் போன என்ஜினுக்குப் புதிய கன்வெர்ட்டர் வாங்குவது பணத்தை வீணடிப்பது. அதை வண்டிக்காரரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ரேடியேட்டரில் தண்ணீர் காரணமின்றிக் குறைகிறதா என்றும் கேளுங்கள். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் எரிந்தால் அதில் உள்ள சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கெடுக்கும். புகைக் குழாயில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்; பெட்ரோலில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவதால் வரும் நாற்றம் அது.

5. கன்வெர்ட்டருக்கு முன்னால் காற்றுக் கசிவு இருக்கிறதா

ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் குழாய்) கேஸ்கெட்டிலிருந்து கன்வெர்ட்டர் வரை காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்ற ஒலி கசிவு. சூடானால் உலோகம் விரிந்து பிளவு மூடிக்கொள்வதால், இந்தச் சோதனையைக் குளிர்ந்த என்ஜினில்தான் செய்ய முடியும். இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கசிவு வழியாகப் புகை வெளியே போவது மட்டுமல்ல, வெளிக்காற்றும் உள்ளே இழுபடுகிறது. ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைக் கண்டு "பெட்ரோல் போதவில்லை" என்று தவறாகச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டும். கன்வெர்ட்டர் சூடாகும். மலிவான கேஸ்கெட் ஒன்றை அலட்சியப்படுத்தியதில் தொடங்கும் சங்கிலி இது.

கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பசையைத் தடவாதீர்கள். அதன் ஆவி சென்சாரின் மேல் கண்ணாடி போலப் படிந்து அதைக் குருடாக்கும். சரியான கேஸ்கெட்டைப் போடுவதுதான் வழி.

6. ஆக்சிஜன் சென்சார் உண்மை சொல்கிறதா

கார்புரேட்டர் காரில் இந்தச் சென்சார் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் அடுத்த படிக்குப் போங்கள். இன்ஜெக்டர் காரில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்து, சென்சாரின் சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். 0.8இல் உறைந்து நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். 0.1இல் நின்றால் பெட்ரோல் குறைவு, அல்லது முந்தைய படியில் கசிவைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மெதுவாக அசைந்தால் சென்சார் கிழடாகிவிட்டது.

டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கக் கூடாது. சென்சார் தருவது மிக நுண்ணிய மின்சாரம். விளக்கை இணைத்தால் சென்சார் கெடும். சிக்னல் வயர் எது என்பதை அந்தக் காரின் வயரிங் படத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று: கன்வெர்ட்டர் கெட்டால் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும் என்று காத்திருக்கிறார்கள். கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி 0420 என்ற பிழைக் குறியீடு வர, அதற்குப் பின்னால் இரண்டாவது சென்சார் ஒன்று இருக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் முன்னால் உள்ள ஒரு சென்சார் மட்டுமே உண்டு. அவற்றில் கன்வெர்ட்டர் முழுதும் செத்துக் கிடந்தாலும் விளக்கு எரியாது.

இரண்டாவது சென்சார் இருந்தால் அதையும் அளவிடுங்கள். நல்ல கன்வெர்ட்டரில் அது 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக நிற்கும். முன் சென்சாரைப் போலவே துள்ளினால், உள்ளே ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் திறன் போய்விட்டது என்று பொருள்.

7. அடைப்பை அளந்து பாருங்கள்

இழுவை குறைவதற்குக் கிளட்ச் நழுவுவது, பெட்ரோல் பம்ப் தளர்வது என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் ஊகம் போதாது, அளவு வேண்டும்.

முதலில் வேக்குவம். என்ஜினின் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டில் கேஜை இணையுங்கள். ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டுவது வழக்கம். இது கடல் மட்டக் கணக்கு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். சென்னையில் பயின்ற ஒருவர் ஓசூரில் நின்று அளந்தால் நல்ல என்ஜினும் மூன்று அங்குலம் வரை குறைவாகக் காட்டும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே எண்ணை விட முள்ளின் போக்குதான் முக்கியம். என்ஜினை 2500 சுற்றுக்கு உயர்த்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். முள் சற்று இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பி நின்றால் பாதை திறந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது.

அடுத்து எதிரழுத்தம். முன் சென்சாரைக் கழற்றி, லேத்தில் செய்த இணைப்பை அந்தத் துளையில் முடுக்குங்கள். ஐட்லிங்கில் 1.5 பிஎஸ்ஐக்குக் கீழும், 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குக் கீழும் இருக்க வேண்டும். இதைத் தாண்டினால் அடைப்பு உறுதி. சென்சார் துளை இல்லாத காரில், கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்திவிட்டு வேக்குவம் சோதனையை மறுபடி செய்யுங்கள். முள் இப்போது இறங்காமல் நின்றால் அடைப்பு அந்த இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் கன்வெர்ட்டரைக் கழற்றப் போய்விடுகிறார்கள். பொறுங்கள், இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இணைப்பைத் திறந்து மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் இறங்கிவிட்டால் அடைத்திருப்பது சைலன்சர். உடைந்த தேன்கூட்டின் துண்டுகள் புகையோடு நகர்ந்து சைலன்சருக்குள் போய்த் தங்கிவிடுவது உண்டு. அதைப் பார்க்காமல் புதிய கன்வெர்ட்டரைப் போட்டால், செலவு செய்த பிறகும் கார் முன்போலவே திணறும். வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது அப்போது எளிதல்ல.

கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையை அளந்து ஒப்பிடும் முறை ஒன்றும் புழக்கத்தில் உள்ளது. நல்ல நிலையில் இருக்கும் என்ஜினில் அந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

8. புகைச் சோதனைக்குச் சூடான காரைக் கொண்டுபோங்கள்

வீட்டிலிருந்து நேராக இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சோதனை செய்தால் நல்ல கன்வெர்ட்டரும் தோற்கும், அது இன்னும் விழித்திருக்காது. நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்தாமல் நேராகச் சோதனை நிலையத்துக்குப் போங்கள்.

பாரத் ஸ்டேஜ் (இந்திய வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதியின் நிலை) 2 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தையும், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) தாண்டக் கூடாது. ஸ்டேஜ் 4 காருக்கு 0.3 சதவீதம், 200 பிபிஎம். சான்றிதழை மடித்து வைக்கும் முன் அந்த எண்களைப் படியுங்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் அல்லது கன்வெர்ட்டர் செத்துவிட்டது. ஹைட்ரோகார்பன் மட்டும் தாவியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

9. கழற்றுவதும் மாற்றுவதும்

மேலே உள்ள எல்லாம் முடிந்து, காரணத்தையும் சரிசெய்த பிறகே இந்தப் படி.

முந்தைய நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பல ஆண்டுகள் சூட்டில் வெந்த நட்டை அவசரத்தில் முறுக்கினால் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாவது அப்படித்தான். கேஸ் வைத்துச் சூடாக்குவதாக இருந்தால் பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

உடைந்த தேன்கூட்டைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். பீங்கான் தூளும் மெத்தையின் இழைகளும் நுரையீரலுக்குக் கேடு. பழைய கன்வெர்ட்டரைச் சாதாரண இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அது வண்டிக்காரரின் சொத்து, அவரிடமே ஒப்படையுங்கள்.

புதியதை வாங்கும்போது குழாயின் அளவு பொருந்தினால் போதாது. என்ஜினின் கொள்ளளவுக்கும் அந்தக் காரின் பாரத் ஸ்டேஜுக்கும் உரியதாக இருக்க வேண்டும். கூட்டின் மேல் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். கேஸ்கெட், நட்டு இரண்டும் புதியவையாகவே இருக்கட்டும்.

வெப்பத் தடுப்புத் தகடு கடகடக்கிறது என்று அதைக் கழற்றி எறிவது பரவலான தவறு. காரின் தரைத்தகட்டையும் வயர்களையும் காப்பது அதுதான். கிளாம்ப் போட்டு இறுக்கினால் சத்தம் நின்றுவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தேன்கூட்டைப் பிடிக்கும் மெத்தை முதல் சூட்டில்தான் உப்பி இறுகும். அதற்கு முன் வேகம் கொடுத்தால் தேன்கூடு நகர்ந்து விளிம்பு உடையும். ஐட்லிங்கிலேயே ஓடவிட்டு நன்றாகச் சூடானதும், ஏழாவது படியின் இரண்டு அளவுகளையும் மறுபடி எடுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்தக் காரின் சொந்த எண் கையில் இருக்கும்.

10. வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

பேட்டரி இறங்கினால் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். என்ஜின் பிடிக்கும் வரை தள்ளும் ஒவ்வோர் அடியிலும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகிறது. ஜம்பர் கேபிள் போடுவது நல்லது.

தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த கியரில் வைத்தபடி சாவியை அணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காரில் சுழலும் என்ஜின் பெட்ரோலை உறிஞ்சி எரிக்காமல் வெளியே தள்ளும். சாவியைத் திரும்பப் போட்டதும் எக்ஸாஸ்டில் வெடிக்கும். தேன்கூடு உடைய அந்த ஒரு வெடிப்பு போதும். சாவியை அணைத்தபடி நியூட்ரலில் உருட்டினால் பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் போய்விடும். அந்த இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை. என்ஜின் ஓடட்டும், கியரில் இறங்குங்கள்.

கடைசியாக, கொள்ளுக்கொடி. பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளையும் பரப்பி, வண்டிகளின் சக்கரத்தில் மிதிபட விடுவார்கள். கேழ்வரகுத் தாள் நொறுங்கி விழுந்துவிடும். கொள்ளுக்கொடி அப்படி அல்ல, அது சுற்றிக்கொள்ளும். சூடான கன்வெர்ட்டரின் கூட்டிலும் தகட்டிலும் சிக்கிய காய்ந்த கொடி, காரை நிறுத்திய சில நிமிடங்களில் புகைந்து தீப்பிடிக்கலாம். ஓடும்போது வீசிய காற்றும் நின்றுவிடுவதால் சூடு அங்கேயே தேங்குகிறது. களத்தைக் கடந்ததும், வைக்கோல் இல்லாத வெற்றுத் தரையில் ஓரமாக நிறுத்தி, குனிந்து பாருங்கள். கொடி தெரிந்தால் வெறுங்கையால் இழுக்க வேண்டாம். நீளமான கொம்பால் இழுத்துவிடுங்கள். தண்ணீரை எடுத்துக் கன்வெர்ட்டரின் மேல் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். தீ பற்றிவிட்டது என்றால் மட்டும் தயங்காமல் தண்ணீரோ மண்ணோ கொட்டி அணையுங்கள். கன்வெர்ட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.